குவாங்சோ பையுன் விமான நிலையத்தில் இறங்கி, போக வேண்டிய இடம் போய்ச் சேர்வது: முழுமையான வழிகாட்டி

சீனாவின் குவாங்சோவுக்குச் சரக்கு பார்க்கவோ கண்காட்சிக்கோ முதல் தடவை போகிறவர்களைப் பல முறை உடன் அழைத்துச் சென்றிருக்கிறேன். தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். வேலை செய்யாத போன், தப்பான டெர்மினல், தப்பான ஸ்டேஷனில் மாறுவது. மொழி தெரியாததால் வரும் சிரமம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

இவற்றில் பெரும்பாலானவை வரிசை மாறிச் செய்வதால் வருபவை. ஊரிலேயே முடிக்க வேண்டியதை அங்கே போய்ச் செய்யப் பார்க்கிறோம். எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமலேயே ரயிலில் ஏறுகிறோம். அதனால் கீழே உள்ளவற்றை எண் வரிசைப்படியே செய்யுங்கள்.

1. கடைசி இடத்தை முதலில் எழுதுங்கள்

டிக்கெட் போட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. குவாங்சோ என்று மட்டும் சொன்னால் போதாது. விமான நிலையம் ஊரின் வடக்கே, மையப் பகுதியிலிருந்து 28 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கான்டன் கண்காட்சி என்ற பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும் வளாகம் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. அதிவேக ரயில் நிலையமான குவாங்சோ தெற்கு அதையும் தாண்டித் தென்கோடியில் இருக்கிறது. மூன்றுக்கும் வழி வேறு.

எனவே உங்கள் ஓட்டலுக்குப் பக்கத்தில் உள்ள மெட்ரோ ஸ்டேஷன் எது, அது எந்த எண் லைனில் இருக்கிறது, எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வாசல் எண்ணைப் பலர் விட்டுவிடுவார்கள். பெரிய ஸ்டேஷன்களில் தவறான வாசலில் ஏறினால் எட்டு வழிச் சாலையின் மறுபக்கம் பெட்டியோடு நிற்க நேரும்.

ஓட்டல் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் வாங்கி, படமாகப் போனில் சேமியுங்கள், ஒரு தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய முகவரியை டாக்சி ஓட்டுநர்கள் பெரும்பாலும் படிக்க மாட்டார்கள். ஓட்டலின் ஆங்கிலப் பெயரும் சீனப் பெயரும் ஒலியில்கூட ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். போன் அணைந்துவிட்டால் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

இன்னொன்று. "பையுன்" என்ற பெயரைப் பார்த்ததும் அதுதான் விமான நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். பையுன் என்பது அந்த மாவட்டத்தின் பெயர், அங்குள்ள மலையின் பெயரும் அதுவே. 2-ஆம் லைனில் பையுன் பார்க் என்றொரு ஸ்டேஷன், 3-ஆம் லைனில் பையுன் பெருஞ்சாலை வடக்கு என்றொரு ஸ்டேஷன். 2023 டிசம்பரில் திறந்த குவாங்சோ பையுன் என்ற பெரிய ரயில் நிலையமும் உண்டு. ரயில் டிக்கெட்டில் "குவாங்சோ பையுன்" என்று இருந்தால் அது அந்த ரயில் நிலையத்தைக் குறிக்கும். விமான நிலையத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2. ஊரிலேயே முடிக்க வேண்டியவை

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள். இங்கே விட்ட குறையை அங்கே போய்ச் சரிசெய்வது ரொம்பக் கடினம்.

முதலில் வங்கிக் கார்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்தியாவில் புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே இருக்கும். வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை இரண்டையும் நீங்களே திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போனில் பணம் கட்டும் சீனச் செயலியான அலிபேயில் கார்டைச் சேர்ப்பதற்கு இணையப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும்.

அடுத்து அலிபே. சீனாவில் கடை, டாக்சி, மெட்ரோ எல்லாமே க்யூஆர் கோடில் நடக்கின்றன. அலிபேயை ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட்டைக் கொண்டு அடையாளச் சரிபார்ப்பை முடித்து, விசா அல்லது மாஸ்டர்கார்டைச் சேருங்கள். ஊரில் செய்யச் சொல்வதற்குக் காரணம் ஓடிபி. கார்டைச் சேர்க்கும்போது வங்கி அனுப்பும் எண் உங்கள் இந்திய சிம்முக்குத்தான் வரும். ஒரு முறை என்னோடு வந்த இளைஞர் எடை குறையட்டும் என்று பழைய போனை அதிலிருந்த சிம்மோடு வீட்டிலேயே வைத்துவிட்டார். குவாங்சோவில் இறங்கியபோது கையில் கார்டு இருந்தது, கணக்கில் பணமும் இருந்தது. ஆனால் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வாங்க முடியவில்லை. அந்தப் பயணம் முழுக்க நான் பணம் கட்ட, அவர் கணக்கு எழுதிக்கொண்டே வந்தார்.

வெளிநாட்டுக் கார்டில் 200 யுவான் வரை கொடுக்கும்போது அலிபே கட்டணம் பிடிப்பதில்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிக்கும். மெட்ரோ, டாக்சி, சாப்பாடு எல்லாம் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

மூன்றாவது இணையம். கூகுள், வாட்ஸ்அப், கூகுள் மேப் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. இந்திய எண்ணில் ரோமிங் போட்டுக்கொண்டால் இவை ஓடும். ரோமிங் தரவு நம் நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருவதே காரணம். விமான நிலையத்தின் இலவச வைஃபையில் இணைந்தால் அது சீன இணையம், வாட்ஸ்அப் நின்றுவிடும். குறைந்தது முதல் இரண்டு நாளுக்காவது ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். ஓடிபியும் அந்த எண்ணுக்கே வந்துவிடும்.

கூகுள் மேப் திறந்தாலும் அதை நம்பி நடக்காதீர்கள். சீன வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வேறு கணக்கு முறையில் போடப்படுவதால், கூகுளில் காட்டும் புள்ளி உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும். ஆங்கிலத்திலும் ஓடும் ஆமேப் என்ற சீன வரைபடச் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். எந்த ஸ்டேஷன், எந்த வாசல் என்பதை அது துல்லியமாகச் சொல்லும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழிக் கோப்பை இறக்கி, இணையம் இல்லாமலும் ஓடும்படி வையுங்கள். 500 யுவான் அளவுக்குச் சில்லறை நோட்டுகளும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக விசாவை எடுத்து அதில் எத்தனை நுழைவு என்று பாருங்கள். குவாங்சோவிலிருந்து ஹாங்காங் போய் வரலாம் என்று போகிற போக்கில் திட்டம் போடுகிறவர்கள் அதிகம். ஹாங்காங்குக்குள் நுழைந்த நிமிடமே சீனாவிலிருந்து வெளியேறியதாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசாவாக இருந்தால் குவாங்சோவுக்குத் திரும்ப முடியாது. பெட்டியெல்லாம் குவாங்சோ ஓட்டலில் இருக்கும். ஹாங்காங்குக்கு இந்தியர்கள் தனியாக முன்பதிவும் செய்ய வேண்டும்.

சீனாவின் வருகை அட்டையை 2025 நவம்பர் 20 முதல் இணையத்திலேயே முன்கூட்டி நிரப்பலாம். நிரப்பி, அதன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டால் இமிகிரேஷன் வரிசைக்கு முன்னால் பேனா தேட வேண்டியதில்லை.

3. எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பாருங்கள்

பழைய வீடியோக்களையும் பயணக் குறிப்புகளையும் நம்பி ஏமாறும் இடம் இது. இந்த விமான நிலையம் வளர்ந்துகொண்டே இருப்பதால் மூன்று வருடத்துக்கு முந்தைய குறிப்புகூட இன்று பொருந்தாமல் போகிறது.

2004 ஆகஸ்டில் இப்போதைய இடத்துக்கு வந்தபோது ஒரே டெர்மினல்தான் இருந்தது. 2018 ஏப்ரல் 26 அன்று டெர்மினல் 2 திறந்தது. 2025 அக்டோபர் 30 அன்று டெர்மினல் 3-உம் ஐந்தாவது ஓடுபாதையும் பயன்பாட்டுக்கு வந்தன. 2024-இல் மட்டும் 7 கோடியே 63 லட்சம் பேர் இங்கே வந்து போயிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பிரித்து அனுப்பத்தான் புது டெர்மினல் கட்டினார்கள். டெர்மினல் 1-இல் இயங்கிய பல விமான நிறுவனங்கள் அதன் பின் டெர்மினல் 3-க்கு மாறிவிட்டன. "இந்த நிறுவனம் எப்போதும் டெர்மினல் 1-தான்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் டிக்கெட்டையும் விமான நிறுவனத்தின் செயலியையும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சைனா சதர்ன் டெர்மினல் 2-இல் இயங்குகிறது.

டெர்மினல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மெட்ரோவின் 3-ஆம் லைனுக்கு இங்கே இரண்டு ஸ்டேஷன்கள். 2010-இல் திறந்த ஏர்போர்ட் சவுத் டெர்மினல் 1-க்கு உரியது. 2018-இல் திறந்த ஏர்போர்ட் நார்த் டெர்மினல் 2-க்கு உரியது, லைனின் கடைசி ஸ்டேஷனும் அதுதான். டெர்மினல் 3 கிழக்குப் பக்கம் தனியாக இருக்கிறது. இந்த இரண்டு ஸ்டேஷன்களிலிருந்தும் அங்கே நடந்து போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். டெர்மினல்களுக்கிடையே இலவசப் பேருந்து ஓடுகிறது, அதற்குரிய நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரும்போதைவிடத் திரும்பும்போதுதான் டெர்மினலைத் தவறவிடுவது அதிகம். வரும்போது விமானம் எங்கே விடுகிறதோ அங்கே இறங்கிவிடுகிறோம். போகும்போது நாமே சரியான வாசலுக்குப் போய் நிற்க வேண்டும்.

4. விமானத்தை விட்டு இறங்கியதும்

இமிகிரேஷனில் கைரேகை எடுப்பார்கள். வரிசைக்கு முன்பே கைரேகைப் பதிவு இயந்திரங்கள் இருக்கும். அங்கேயே பதிந்துவிட்டு வரிசையில் நில்லுங்கள், கவுன்டரில் நேரம் மிச்சமாகும். ஓட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம் இருந்தால் அது, எல்லாம் தாளாகவே கையில் இருக்கட்டும். போனைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பதைவிடத் தாளை நீட்டுவது வேகம்.

பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வருகைக் கூடத்துக்கு வந்ததும் உடனே வெளியே நடக்காதீர்கள். ஓரமாக உட்கார்ந்து மூன்றைச் சரிபாருங்கள். ரோமிங் ஓடுகிறதா, அலிபேயில் பணம் செலுத்தும் கோடு திறக்கிறதா, ஆமேப் நீங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டுகிறதா. கூடத்தில் ஒரு கடையில் ஏதாவது சின்னதாக வாங்கி அலிபேயில் பணம் கட்டிப் பாருங்கள். கார்டை வங்கி தடுத்தால் இங்கேயே தெரிந்துவிடும். விமான நிலையத்தில் ஆங்கிலம் பேசும் உதவி மேசை, ஏடிஎம், பணமாற்று எல்லாம் இருக்கின்றன. மெட்ரோ வாசலில் நின்றுகொண்டு இதே பிரச்சினையைத் தீர்ப்பது கடினம்.

கடிகாரத்தை மாற்றுங்கள். சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் நேரத்துக்கு இரவு எட்டரை ஆகும்போது அங்கே பதினொன்று, அதாவது மெட்ரோ அடங்கும் நேரம்.

5. மெட்ரோவா, டாக்சியா

இதை விமானம் இறங்கிய நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மெட்ரோ காலை ஆறு மணி வாக்கில் தொடங்கி இரவு பதினொன்று வாக்கில் முடிகிறது. இரவு பத்து மணிக்கு மேல் தரையிறங்கினால் மெட்ரோவை மறந்துவிடுங்கள். இமிகிரேஷனும் பெட்டியும் முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடும். விமான நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிடைத்தாலும், நடுவே மாற வேண்டிய லைனில் கடைசி ரயில் போயிருக்கும்.

பகலில் ஒருவர் ஒரு பெட்டியோடு வந்தால் மெட்ரோதான் சரி. ஊர் மையத்துக்குப் பத்து யுவானுக்குள் போய்விடலாம். அதே இடத்துக்கு டாக்சியில் 120-லிருந்து 160 யுவான் வரை எனக்கு ஆகியிருக்கிறது. மூன்று பேர், ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் டாக்சிக் கணக்கு ஒத்துவரும். பெரியவர்களோ குழந்தைகளோ கூட இருந்தாலும் டாக்சியே எடுங்கள். மெட்ரோவில் லைன் மாறும் இடங்களில் நடை அதிகம்.

காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை 3-ஆம் லைனில் ஊரை நோக்கிப் பெட்டியோடு போவதைத் தவிர்க்கவே சொல்வேன். அந்த லைனின் வடக்குப் பகுதியில் குடியிருப்புகள் அதிகம், எல்லாரும் வேலைக்குப் போகும் நேரம் அது. விமான நிலையத்தில் ஏறும்போது ரயில் காலியாகத்தான் இருக்கும். நடுவழியில் அடைத்துக்கொள்ளும், இறங்க வேண்டிய இடத்தில் கதவை எட்டவே முடியாது.

6. மெட்ரோவில் போகும் முறை

டெர்மினல் 2-இல் இறங்கியிருந்தால் மெட்ரோ குறியைப் பின்தொடர்ந்து கீழே இறங்குங்கள். வாசலிலேயே எல்லாப் பைகளையும் எக்ஸ்ரேயில் விடுவார்கள். ஊரில் எந்த ஸ்டேஷனுக்குள் போனாலும் இதேதான். தண்ணீர் பாட்டிலைக் கையில் தயாராக வைத்திருந்தால் விரைவில் விட்டுவிடுவார்கள்.

டிக்கெட்டுக்கு இரண்டு வழி. இயந்திரத்தில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, போகும் ஸ்டேஷனைத் தொட்டால் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் வரும். உள்ளே போகும்போது அதைத் தடுப்பின் மேல் வையுங்கள், வெளியே வரும்போது துளையில் போடுங்கள். இயந்திரத்தில் 100 யுவான் நோட்டை நீட்டாதீர்கள், 5, 10 யுவான் நோட்டுகள்தான் வேண்டும். சில்லறை இல்லையென்றால் பக்கத்துச் சேவை மேசையில் மாற்றித் தருவார்கள்.

இரண்டாவது, அலிபேயில் போக்குவரத்துப் பகுதிக்குப் போய் குவாங்சோவைத் தேர்ந்தெடுத்து மெட்ரோ கோடைத் திறப்பது. ஒரு போன் ஒரு ஆளுக்குத்தான். கணவன் தன் போனைக் காட்டி உள்ளே போய்விட்டு, அதே போனை மனைவிக்கு நீட்டினால் தடுப்பு திறக்காது. முதல் பயணத்தில் குடும்பத்தோடு வருகிறவர்கள் எல்லாரும் இங்கே சிக்குகிறார்கள். மற்றவர்களுக்கு டோக்கன் வாங்கிவிடுங்கள். உள்ளே போன கோடாலேயே வெளியே வர வேண்டும் என்பதால் போனில் சார்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான், அதற்குப் பின் தூரம் கூடக்கூட யுவான் ஒவ்வொன்றாக ஏறும்.

இப்போது வழி. ஏர்போர்ட் நார்த்தில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் ஜியாஹெவாங்காங். இந்தப் பெயரை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். ஆரஞ்சு நிற 3-ஆம் லைனிலிருந்து நீல நிற 2-ஆம் லைனுக்கு மாறும் இடம் இது, 2-ஆம் லைன் தொடங்குவதும் இங்கேதான். காலியான ரயில் வந்து நிற்கும். பெட்டியைக் காலருகே வைத்து உட்கார்ந்தே போகலாம். வரைபடத்தில் 3-ஆம் லைனில் நேராகப் போவது குறுக்கு வழியாகத் தெரியும், ஆமேப்பும் பெரும்பாலும் அதையே சொல்லும். பெட்டியோடு வருகிறவர்களை நான் 2-ஆம் லைனில்தான் கூட்டிப் போகிறேன். கால் மணி நேரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

கண்காட்சி வளாகத்துக்கு: கான்டன் கண்காட்சி வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் 15-இலும் அக்டோபர் 15-இலும் தொடங்கும். ஒவ்வொன்றும் மூன்று கட்டம், கட்டத்துக்கு ஐந்து நாள். உங்கள் பொருள் எந்தக் கட்டத்தில், எந்தப் பகுதியில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். ஏ பகுதிக்கு ஷின்காங்தோங், பி, சி பகுதிகளுக்கு பாஜோ. இரண்டுமே 8-ஆம் லைனில் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். ஜியாஹெவாங்காங்கில் 2-ஆம் லைன் பிடித்து, சாங்காங்கில் 8-ஆம் லைனுக்கு மாறுங்கள். கையில் சுமை இல்லையென்றால் 3-ஆம் லைனிலேயே தீயூ சீலூ வரை போய், அங்கே 3-ஆம் லைனின் தெற்குப் பகுதிக்கு மாறி, கெட்சுனில் 8-ஆம் லைன் பிடிக்கலாம். தீயூ சீலூ அந்த ஊரிலேயே கூட்டம் மிகுந்த மாறும் இடங்களில் ஒன்று. அங்கே நின்று வரைபடம் பார்க்க முடியாது. ஏறுவதற்கு முன்பே எந்தத் திசை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. 2-ஆம் லைனிலும் 8-ஆம் லைனிலும் ஷியாவ்காங் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. சீன எழுத்து வேறு, உச்சரிப்பும் சற்று வேறு. ஆனால் பலகையில் ஆங்கில எழுத்துகள் ஒன்றே. "ஷியாவ்காங் வந்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் எந்த லைன் என்று கேளுங்கள். ஒன்று ஊரின் வடக்கே, மற்றது ஆற்றுக்குத் தெற்கே.

துணிச் சந்தைக்கு: திருப்பூரிலிருந்து பட்டன், ஜிப், லேஸ், துணி வகை பார்க்க வருகிறவர்களுக்கு ஜோங்தா சந்தைதான் இலக்கு. அதே 8-ஆம் லைனில் லூஜியாங்கில் இறங்குங்கள். சாங்காங்கிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். தோல் பொருள் பார்க்க 2-ஆம் லைனிலேயே சான்யுவான்லி. பொம்மை, பரிசுப் பொருள் மொத்தக் கடைகளுக்கு அதே லைனில் ஹைஜு சதுக்கம். வெளிநாட்டு வியாபாரிகள் அதிகம் தங்கும் சியாவ்பெய்க்கு, 2-ஆம் லைனில் குவாங்சோ ரயில் நிலையம் வரை போய், 5-ஆம் லைனுக்கு மாறி அடுத்த ஸ்டேஷன்.

குவாங்சோ தெற்கு ரயில் நிலையத்துக்கு: ஜியாஹெவாங்காங்கில் 2-ஆம் லைனில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை உட்கார்ந்திருங்கள். லைனின் ஒரு முனையிலிருந்து மறு முனை என்பதால் தவறவிட வழியே இல்லை. ஆனால் நேரம் ஆகும். விமானம் தரையிறங்கும் நேரத்துக்கும் ரயில் புறப்படும் நேரத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள். ரயில் நிலையத்திலும் பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் சரிபார்ப்பு எல்லாம் இருக்கின்றன. வெளிநாட்டவர்கள், ஊழியர் நிற்கும் வழியில் போக வேண்டும்.

7. டாக்சியில் போகும் முறை

வருகைக் கூடத்தில் யாராவது பக்கத்தில் வந்து "டாக்சி, டாக்சி" என்றால் பேச்சுக் கொடுக்காமல் நடந்துவிடுங்கள். அதிகாரப்பூர்வ டாக்சிகள் வெளியே வரிசையில்தான் நிற்கும். ஊழியர் வண்டியைக் கைகாட்டுவார். ஏறியதும் சீன முகவரியைக் காட்டி, மீட்டர் போடப்பட்டதா என்று பாருங்கள். விரைவுச் சாலைச் சுங்கம் மீட்டருக்கு மேல் தனியாகச் சேரும். அது ஏமாற்று வேலை இல்லை. இறங்கும்போது ரசீது கேளுங்கள். பெட்டியை மறந்துவிட்டால் வண்டி எண்ணைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

செயலி வழியாக வண்டி அழைக்கும் தீதி சேவையை அலிபேக்குள்ளிருந்தே ஆங்கிலத்தில் அழைக்கலாம். கூடத்தில் நின்றபடி அழைத்தால் ஓட்டுநர் அங்கே வர மாட்டார். செயலி காட்டும் ஏறுமிடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்து, அப்புறம் அழையுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓட்டுநர் சீன மொழியில் போன் செய்வார், இவர்களுக்குப் புரியாது, பயணம் ரத்தாகிவிடும்.

8. குவாங்சோ ஊருக்குள் நுழையாமல் வேறு ஊருக்குப் போவது

டைல்ஸும் அறைகலன்களும் பார்க்க ஃபோஷான் போகிறவர்களும், விளக்கு வாங்க ஜோங்ஷானின் குஜென் போகிறவர்களும் குவாங்சோ மையத்துக்குப் போக வேண்டியதே இல்லை. சுற்றியுள்ள ஊர்களுக்கு விமான நிலையத்திலிருந்தே கோச் பேருந்துகள் புறப்படுகின்றன. பெட்டியை அடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். கவுன்டரில் பாஸ்போர்ட்டும் சீன எழுத்தில் ஊர்ப் பெயரும் காட்டுங்கள். உங்கள் ஏஜென்டிடம் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று முன்பே கேட்டுவையுங்கள். ஒரே ஊரில் நிறுத்தங்கள் பல இருக்கும்.

டெர்மினல் 2-இன் போக்குவரத்து மையத்தில் நகரிடை ரயில் நிலையமும் உண்டு. ஹுவாது, சிங்யுவான் பக்கம் போக 2020 நவம்பரில் திறந்த பாதை அது. அதன் பெயரும் ஏர்போர்ட் நார்த் என்றே ஒலிக்கும் என்பதால் மெட்ரோ வாசலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இதற்கு மெட்ரோ டோக்கன் செல்லாது. குவாங்சோ வடக்கு ரயில் நிலையத்துக்கு மெட்ரோவிலும் போகலாம். 3-ஆம் லைனில் காவ்செங்கில் 9-ஆம் லைனுக்கு மாறுங்கள்.

குவாங்சோ, தெற்கு, கிழக்கு, வடக்கு, பையுன் என்று ஐந்து பெரிய ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ரயில் டிக்கெட்டில் உள்ள முழுப் பெயரைப் படித்த பிறகே மெட்ரோவில் ஏறுங்கள்.

யீவூவுக்கோ வேறு தூர ஊருக்கோ உள்நாட்டு விமானத்தில் மாறுகிறீர்கள் என்றால் பவர் பேங்கைக் கவனியுங்கள். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் சீனாவின் 3சி தரக் குறி இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை. நம் ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அந்தக் குறி இருக்காது. பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். போன் இல்லாமல் எதுவும் ஓடாத நாட்டில் அது பெரிய இழப்பு. குவாங்சோவில் இறங்கியதும் குறி உள்ள ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

9. திரும்பும் நாள்

முந்தைய இரவே விமான நிறுவனத்தின் செயலியைத் திறந்து டெர்மினலை மறுபடி பாருங்கள். வரும்போது இறங்கிய டெர்மினலிலேயே ஏறுவோம் என்று நினைக்காதீர்கள். போகும்போது வேறு நிறுவனமாக இருக்கலாம்.

காலை ஒன்பது மணிக்கு முன் புறப்படும் விமானத்துக்கு மெட்ரோ உதவாது. முதல் ரயிலிலேயே ஏறினாலும் ஊரின் தெற்கிலிருந்து வந்து சேரும்போது கவுன்டர் மூடும் நேரம் நெருங்கிவிடும். இரவே ஓட்டல் மேசையில் சொல்லி டாக்சி ஏற்பாடு செய்யுங்கள்.

மற்ற நேரங்களில் வந்த வழியே திரும்பலாம். 2-ஆம் லைனில் ஜியாஹெவாங்காங் வரை வந்து, ஏர்போர்ட் நார்த் போகும் 3-ஆம் லைன் ரயிலில் மாறுங்கள். ஏர்போர்ட் சவுத் முதலில் வரும். பெட்டி வைத்திருப்பவர்கள் அங்கே இறங்குவதைப் பார்த்துப் பின்னாலேயே இறங்கிவிடாதீர்கள். டெர்மினல் 2 என்றால் கடைசி ஸ்டேஷன் வரை இருங்கள். டெர்மினல் 3 என்றால் அங்கிருந்து இலவசப் பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள். கண்காட்சி முடியும் நாளில் பாஜோவிலும் ஷின்காங்தோங்கிலும் உலகமே பெட்டியோடு நிற்கும், ஸ்டேஷனுக்குள் விடவே வரிசை போடுவார்கள். அன்றைக்கே இரவு விமானம் என்றால் மதியத்துக்குள் வளாகத்தை விட்டு வெளியேறிவிடுங்கள்.

சாம்பிள் பெட்டிகளின் எடையை ஓட்டலிலேயே பாருங்கள். கவுன்டர் முன்னால் பெட்டியைப் பிரித்து, சட்டையை அங்கிருந்து இங்கே மாற்றிக்கொண்டிருப்பது நேரத்தைத் தின்னும். சாம்பிள்களின் பில்லைக் கைப்பையில் வையுங்கள். நம் ஊர்ச் சுங்கத்தில் கேட்டால் பெட்டிக்குள் தேட வேண்டியிருக்காது.